ஏழாம் வகுப்பு விடைத்தாள்களைத் தின்ற கிடா

நல்லொச்சான்பட்டியில் ஏழாம் வகுப்பு 'பி' பிரிவின் மூன்றாம் பருவ இங்கிலீஷ் விடைத்தாள்களைக் கட்டோடு தின்றுவிட்ட கிடா, தின்ற மறுநாளே, பஞ்சாயத்துக் குழாயில் தண்ணீர் வருகிற நேரம் பார்த்து வாயைத் திறந்து, தனக்குக் காய்ச்சலாக இருப்பதால் வகுப்புக்கு வர முடியவில்லை என்றும் தயவுகூர்ந்து இரண்டு நாள் விடுப்பு தரவேண்டும் என்றும் சுத்தமான இங்கிலீஷில் கேட்டுக்கொண்டபோது, குடத்தோடு நின்ற பெண்களில் ஒருத்திகூட இடத்தை விட்டு நகரவில்லை. நகர்ந்தால் வரிசை போய்விடும். தவிரவும், 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்பது அந்த ஊரில் பள்ளிக்கூடத்துப் படியை ஏறி இறங்கிய அத்தனை பேருக்கும் பழக்கமான வாசகம். அதைப் பிள்ளை சொன்னால் என்ன, கிடா சொன்னால் என்ன.

"லீவு தந்தாச்சு, போயிப் படு" என்றாள் வரிசையில் முதலாவதாக நின்ற மாயக்கா.

கிடா படுக்கவில்லை. வாயில் இருந்ததை இன்னும் இரண்டு மெல்லு மென்று, 'யுவர்ஸ் ஒபீடியன்ட்லி, சூரியபிரகாஷ், செவன்த் பி' என்று முடித்துவிட்டுத்தான் அடுத்த அசைக்குப் போனது. சூரியபிரகாஷின் தாய் அதே வரிசையில் நின்றாள். எம்மகன் எழுதினது, ஒரு எழுத்துப் பிசகவில்லை பாருங்கள் என்று அவள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

கிடா, இங்கிலீஷ் வாத்தியார் தனுஷ்கோடி வளர்த்தது. மகனுக்கு தோகாவில் வேலை கிடைத்தால் வெட்டிப் பொங்கல் வைப்பதாகச் சங்கிலிக் கருப்புக்கு நேர்ந்துவிட்ட கிடா. மகனும் தோகா போய்ச் சேர்ந்தாயிற்று. நேர்ந்துவிட்ட உருப்படியை அடிக்கக் கூடாது, விரட்டக் கூடாது என்பதால் அது வாத்தியார் வீட்டுக் கூடம்வரை வந்து போகிற உரிமை பெற்றிருந்தது. அந்த உரிமையில்தான், கட்டிலுக்கடியில் திருத்தாமல் கிடந்த விடைத்தாள் கட்டை, கட்டியிருந்த சணல் முதற்கொண்டு தின்று தீர்த்தது. இலை தழையைத் தின்ற ஆடு அசைபோட்டால் தழை திரும்ப வாய்க்கு வருகிற மாதிரி, எழுத்தைத் தின்ற ஆட்டுக்கு எழுத்து திரும்ப வருகிறது, இதில் என்ன இருக்கிறது என்று கால்நடை ஆஸ்பத்திரி கம்பவுண்டரே சொல்லிவிட்டதால், ஊர் அதற்குமேல் காரணம் தேடவில்லை.

காரியத்தைத் தேடியது. நூல் மில்லில் சூப்பர்வைசர் வடநாட்டுக்காரர், தமிழில் லீவு கேட்டால் தரமாட்டார் என்பதால், மில் வேனுக்கு நிற்கிற பெண்கள் கிடாவைப் பிடித்து அதன் வாய்க்கு எதிரே செல்போனை நீட்டிப் பதிவு செய்து அனுப்பினார்கள். சூப்பர்வைசரும் ஒபீடியன்ட்லி என்ற சொல்லுக்கு மயங்கி ஒரு வாரம் எல்லாருக்கும் லீவு கொடுத்து, மில் ஓடாமல் நின்றபிறகு விழித்துக்கொண்டார். கடன் அட்டை வேண்டுமா என்று பட்டணத்திலிருந்து கூப்பிடுகிற பெண்ணிடம் பேசச் சொல்லி டீக்கடை ராசாங்கம் போனைக் கிடாவிடம் கொடுத்தார். அது 'மழை நாள்' என்ற தலைப்பில் முழுக் கட்டுரையும் சொல்லி முடிக்கும்வரை அந்தப் பெண் வைக்கவில்லையாம், கடைசியில் அழுதாளாம். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளைக்கு இங்கிலீஷ் தெரியுமா என்று கேட்டால், எங்கள் ஊர்க் கிடாவுக்கே தெரியும் என்று சொல்லிவிட்டுக் காபியை வாங்கிக் குடித்தார்கள். 'என் லட்சியம்' என்கிற கேள்விக்கு அதுவரை அசைக்கு வந்த பிள்ளைகள் எல்லாரும் ஒரே நோட்ஸைப் பார்த்து உருப்போட்டு டாக்டராகி ஏழைகளுக்குச் சேவை செய்யப்போவதாக எழுதியிருந்தபடியால், கிடா டாக்டர், டாக்டர், டாக்டர் என்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனது. இத்தனை டாக்டருக்கு நோயாளிகளை எங்கே போய்ப் பிடிப்பது என்று டீக்கடையில் உட்கார்ந்து மெய்யாகவே கவலைப்பட்டார்கள்.

இதையெல்லாம் கேட்டும் கேட்காதது மாதிரி இருந்தவள் ஒச்சம்மா ஒருத்திதான்.

பள்ளிக்கூட வாசலில் கொய்யாக்காயும் நெல்லிக்காயும் மாங்காய்க் கீற்றும் விற்கிறவள் அவள். ஊரில் மற்றவர்கள் ஆடு மாடு வளர்த்தார்கள் என்றால் ஒச்சம்மா பகை வளர்த்தாள். வேளாவேளைக்குத் தண்ணி காட்டி, தடவிக்கொடுத்து, ஒன்றையும் நோஞ்சானாக விடாமல் வளர்த்தாள். மகள் கைப்பிள்ளையாக இருந்தபோது ஒரு கண்டக்டர், கூடைக்குத் தனி டிக்கெட் எடுக்கவில்லை என்று நடுவழியில், கொட்டுகிற மழையில், அவளையும் பிள்ளையையும் கொய்யாக்காயையும் இறக்கிவிட்டுப் போனான். அன்றைக்கிருந்து அந்த டவுன் பஸ்ஸில் அவள் ஏறியதில்லை. கண்டக்டர் ஓய்வு பெற்றுப் போனான், பஸ்ஸே பழைய இரும்புக்குப் போய்ப் புது பஸ் வந்தது, அதற்கும் நம்பர் மாறியது. ஒச்சம்மா இன்னமும் அந்த நேரத்துக்கு அந்தப் பக்கம் வருகிற எந்த பஸ்ஸுக்கும் எழுந்து நின்று முதுகைக் காட்டிவிட்டுத்தான் உட்காருவாள்.

இப்படிப்பட்டவளுக்கு ஒரே மகள், பவதாரணி, ஏழாம் வகுப்பு பி. அந்த வருசம்தான் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு ஒரு இங்கிலீஷ் மீடியம் பிரிவு வரப்போகிறது என்றும், மூன்றாம் பருவ இங்கிலீஷ் பரீட்சையில் எடுக்கிற மார்க்கை வைத்துத்தான் அதில் ஆள் எடுப்பார்கள் என்றும் அறிவித்திருந்தார்கள். அந்த வகுப்பில் மகளை உட்காரவைத்துப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர ஒச்சம்மாவுக்கு அந்தக் கோடையில் வேறு நினைப்பில்லை. பரீட்சை முடிந்து வந்த மகளை உட்காரவைத்து, ஒவ்வொரு கேள்விக்கும் என்ன எழுதினாய் என்று கேட்டு, பாசை புரியாவிட்டாலும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தே இது சரி, இது சந்தேகம் என்று பிரித்து வைத்திருந்தாள். சந்தேகம் இரண்டே இரண்டுதான்.

மார்க் ஒட்டினபோது பவதாரணிக்குப் பதினொன்று.

ஒச்சம்மா கூச்சல் போடவில்லை. வாசலில் காய் வாங்க வருகிற தாய்மாரிடமெல்லாம் உம்மகனுக்கு எத்தனை, போன பருவம் எத்தனை என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டு வைத்தாள். அத்தனை பிள்ளைக்கும் போன பருவத்தைவிடச் சரியாக இரண்டு மார்க் கூட. சூரியபிரகாஷுக்கு இரண்டு கூட. மாயக்கா பேத்திக்கு இரண்டு கூட. தம்பிக்குக் காது குத்து என்று பரீட்சைக்கே வராமல் மாமன் ஊருக்குப் போய்க் கறிச்சோறு தின்றுகொண்டிருந்தானே வைரமணி, அவனுக்கும் எழுபதோடு இரண்டு கூட்டி எழுபத்திரண்டு. பவதாரணி போன பருவம் அம்மை போட்டு வேப்பிலையில் படுத்துக் கிடந்தாள், பரீட்சை எழுதவில்லை. கூட்டுவதற்குப் பழைய மார்க் இல்லாததால் வாத்தியார் ஏதோ ஒன்று போட்டிருக்கிறார், அது பதினொன்று.

தாளைத் தின்றது கிடா, திருத்தினது யாரும் இல்லை என்பது அவளுக்கு அப்போதே தெரிந்துபோனது.

தனுஷ்கோடி வாத்தியார் வீட்டுக்குப் போய் வாசலில் நின்று கேட்டாள். திருத்தி முடித்த பிறகுதான் கிடா தின்றது என்றார் அவர். அப்படியென்றால் வராத பையனுக்கு எப்படி மார்க் வந்தது என்று அவள் கேட்டதும் வாத்தியாருக்குக் குரல் மாறியது.

"ஏம்மா, பதினொண்ணு போட்டதே உம் மூஞ்சியப் பாத்துப் பாவப்பட்டுத்தான். கொய்யாக்கா விக்கிறவ மகளுக்கு எதுக்கு இங்கிலீஷ் மீடியம்? காய எடை போடவா?"

"சரிங்க சார்" என்றாள் ஒச்சம்மா. அவளைத் தெரிந்தவர்கள் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் அந்தச் 'சரிங்க சாரை'க் கேட்டு வாத்தியாருக்காகச் சாமி கும்பிட்டிருப்பார்கள்.

அவள் நியாயம் கேட்டுப் போன இடமெல்லாம் கதவு ஒருக்களித்தே திறந்தது. ஊரில் முக்கால்வாசி வீட்டில் பிள்ளைக்கு இரண்டு மார்க் கூட வந்திருக்கிறது. கிடாவின் வாயால் வருவதைக் கேட்டால் எத்தனை பேருக்கு அந்த மார்க் நிற்கும் என்பது அவரவருக்கே தெரியும். வைரமணியின் அப்பா, 'மதனி, பொம்பளப் புள்ளைக்கு இன்னும் எத்தனையோ பரீட்சை இருக்கு, விட்டுத்தள்ளுங்க' என்று லட்டு ஒன்றைக் கையில் வைத்தார். அவள் அதை அங்கேயே படியில் வைத்துவிட்டு வந்தாள். ஹெட்மாஸ்டர் மரியசெல்வம் நல்ல மனுசன். அவர் மட்டும், விடைத்தாள் கண்ணுக்குத் தெரிந்தால் திருத்தச் சொல்கிறேன், இல்லாத தாளுக்கு நான் என்ன செய்வது, மே மாதக் கடைசித் திங்கட்கிழமை பட்டியலை முடித்து அனுப்பியாக வேண்டும் என்றார்.

இல்லாத தாள் கிடாவின் வயிற்றில் இருந்தது. ஆனால் பள்ளிக்கூடப் பதிவேட்டில் பையன்கள் பெயர் முன்னால், பெண்பிள்ளைகள் பெயர் பின்னால். கட்டும் அந்த வரிசையில்தான் இருந்தது, கிடாவும் அந்த வரிசையில்தான் தின்றிருந்தது, அசைபோடுவதும் அந்த வரிசையில்தான். மே மாதம் பிறந்தும் அது இன்னும் பையன்களைத் தாண்டவில்லை. ஒச்சம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு வாத்தியார் தெருமுனைக்குக் கடையை மாற்றினாள். கிடா வரும்போதெல்லாம் கொய்யாக்காயைக் கீறி உப்பும் மிளகாயும் தடவிக் கொடுத்தாள். காரம் ஏறினால் அசை வேகமாகப் போகும். ஒரே பொழுதில் இரண்டு மூன்று டாக்டர்கள்கூடக் கழிந்தார்கள்.

வாத்தியாரும் முட்டாள் இல்லை. பையன்கள் பட்டியல் தீர்ந்துகொண்டு வருவது அவருக்கும் கேட்டது. ஆடி மாதம் வெட்டுவதாக இருந்த கிடாவை, மகன் தோகாவிலிருந்து அவசரப்படுத்துகிறான் என்று சொல்லி, வருகிற வெள்ளிக்கிழமையே வெட்டுவதாக அறிவித்து, ஊருக்கெல்லாம் கறிச்சோறு என்றும் சொல்லிவிட்டார். ஊருக்குச் சந்தோசம். இங்கிலீஷ் படித்த கிடாவின் கறி பிள்ளைகளுக்கு மூளைக்கு நல்லது என்று மாயக்கா சொல்ல, ஈரல் யாருக்கு என்பதில் இரண்டு குடும்பத்துக்குள் பேச்சுவார்த்தையே நின்றுபோனது.

வெட்டிவிட்டால் பவதாரணியின் தாள் கறியோடு கறியாக வெந்துவிடும். ஒச்சம்மா ஒரு நாள் முழுக்க யோசித்தாள். அடுத்த நாள், கோயிலில் பூசை வைத்துக் குறி சொல்லுகிற கோடாங்கி பெரியாண்டியிடம் போய், கருப்பனுக்குத் தீர்த்தக் குடம் எடுக்கிற நேர்ச்சை தனக்கு ஒன்று பாக்கி இருப்பதாகச் சொல்லி, வெள்ளிக்கிழமைத் தண்ணீரைத் தானே கொண்டுவர உத்தரவு வாங்கிக்கொண்டாள்.

அந்தப் பக்கத்தில் நேர்ந்த கிடாவை நினைத்தபோது வெட்டிவிட முடியாது. கிடா சம்மதிக்க வேண்டும். மாலை போட்டு நிறுத்தி, மஞ்சள் தண்ணியை முதுகிலும் காதிலும் ஊற்றினால், அது உடம்பைச் சிலிர்த்து ஒரு உதறு உதறும். அதற்குத் துளுக்குகிறது என்று பெயர். துளுக்கினால் சாமி ஏற்றுக்கொண்டது, அரிவாள் இறங்கலாம். துளுக்காவிட்டால் கொடுக்கிறவன் கையில் ஏதோ குறை இருக்கிறது. குறை தீராமல் அரிவாளைத் தூக்கினால் தூக்கின கை விளங்காது. இது எல்லாருக்கும் தெரியும். குளிர்ந்த தண்ணி பட்டால் எந்த ஆடும் சிலிர்க்கத்தான் செய்யும் என்பதும் எல்லாருக்கும் தெரியும், ஆனால் யாரும் அதை அப்படி நினைத்துப் பார்த்ததில்லை.

ஒச்சம்மா நினைத்துப் பார்த்திருந்தாள். வெள்ளிக்கிழமை காலையிலேயே கிணற்றில் மொண்ட தண்ணியை, செம்புக் குடத்தோடு கோயில் பின்னாலிருந்த வெட்டவெளிப் பாறையில், அக்கினி நட்சத்திர வெயிலில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே தலையில் முக்காடு போட்டு உட்கார்ந்துகொண்டாள். நடுநடுவே கிடாவைக் கட்டியிருந்த புளியமரத்தடிக்குப் போய்க் கொய்யாக்காய் கொடுக்கிற சாக்கில் அதன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். திரும்பி வந்து குடத்தில் விரல் விட்டுப் பார்த்தாள். சூடு கூடினால் பாறையிலிருந்து நிழலுக்கு, குறைந்தால் நிழலிலிருந்து பாறைக்கு. உச்சி நேரத்துக்குக் கோடாங்கி குரல் கொடுத்தபோது, குடத்துத் தண்ணிக்கும் கிடாவின் தோலுக்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை.

ஊரே வட்டமாக நின்றது. அண்டாக்கள் காலியாகக் காத்திருந்தன. ஹெட்மாஸ்டரும் மரியாதைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாத்தியார் புது வேட்டியில், சட்டைப் பையில் பழக்க தோசத்தில் குத்தியிருந்த சிவப்புப் பேனாவோடு கைகட்டி நின்றார். கோடாங்கி குடத்தை வாங்கி, மஞ்சளைக் கரைத்து, கருப்பா உத்தரவு கொடு என்று ஊற்றினார்.

கிடாவுக்குத் தண்ணி பட்டதே தெரியவில்லை. கண்ணைப் பாதி மூடி அசைபோட்டுக்கொண்டு நின்றது. மறுபடி ஊற்றினார். காதில் ஊற்றினார். வாலில் ஊற்றினார். குலவை போட்ட பெண்களுக்கு நாக்கு வறண்டது. ஈரலுக்குச் சண்டை போட்ட இரண்டு குடும்பமும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வேண்டின. கிடா, வாயில் வந்ததை விழுங்கிவிட்டு, அடுத்ததை மேலே கொண்டுவந்து, பதமாக மென்று, இங்கிலீஷில் ஆரம்பித்தது.

ஆரம்பத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. பையன்கள் எழுதினது தடுக்கித் தடுக்கி வரும். இது ஓடை மாதிரி வந்தது. ஹெட்மாஸ்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பாடல் வரிகள் வந்தன, பத்தியைப் படித்துச் சொல்லவேண்டிய பதில்கள் வந்தன, லட்சியம் வந்தது. டாக்டர் என்று சொல்வதற்கு ஊரே வாயைத் தயாராக வைத்திருந்தது. டாக்டர் வரவில்லை. ஹெட்மாஸ்டர் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார், தன்னையறியாமல் எழுந்து நின்றுகொண்டு.

"நான் டவுன் பஸ் கண்டக்டர் ஆகணும். எங்கம்மா கைகாட்டுற இடத்துல பஸ்ஸ நிறுத்தணும். கூடைக்கு டிக்கெட் கிடையாது. எங்கம்மாவ மழையில இறக்கிவிட்டவங்க யாராவது ஏற வந்தா, விசில் ஊதி, பஸ்ஸ எடுக்கச் சொல்லிருவேன்."

'பி. பவதாரணி, செவன்த் பி' என்று கிடா முடித்தது.

ஒச்சம்மா மகளைப் பார்த்தாள். மகள் இந்தக் கேள்வியை மட்டும் அவளிடம் சொல்லாமல் மறைத்திருந்தாள். தன் கையால் தீனி போடாத பகை ஒன்று தன் வீட்டுக்குள்ளேயே இத்தனை கொழுப்பாக வளர்ந்து நிற்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

கோடாங்கி வாத்தியார் பக்கம் திரும்பி, கருப்பன் குறை இன்னதென்று காட்டிவிட்டான், தீர்த்துக்கொள்ளும் என்றார். வாத்தியார் ஹெட்மாஸ்டரைப் பார்த்தார். அவர், நீங்கள்தானே இங்கிலீஷ் வாத்தியார், தாள் வந்துவிட்டது, திருத்துங்கள் என்றார். எழுதக் காகிதம் இல்லை. கறிச்சோற்றுக்கு அறுத்து வைத்திருந்த வாழை இலையில் ஒன்றை ஒச்சம்மா எடுத்து, முந்தானையால் துடைத்து, அவர் முன்னால் விரித்தாள்.

"பேனா இருக்குல்ல சார். போடுங்க."

அவர் மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கிடாவைக் கேள்விக்குக் கேள்வி திரும்பச் சொல்லக் கேட்டு, இலையில் சிவப்பு மையால் மார்க் போட்டுக் கூட்டினார். தொண்ணூற்றொன்று. சந்தேகம் என்று ஒச்சம்மா பிரித்து வைத்த இரண்டும்கூடச் சரிதான். ஹெட்மாஸ்டர் இலையை வாடுவதற்குள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், பட்டியலில் பவதாரணியின் பெயரை முதலில் எழுதினார். ஊர் அன்றைக்கு வெறும் ரசஞ்சோறு தின்றுவிட்டு, வாத்தியாரை வழிநெடுகத் திட்டிக்கொண்டே வீடு திரும்பியது. மார்க்குக்காக அல்ல, கறிக்காக.

ஆனால் குறை தீர்ந்தபிறகும் கோடாங்கி அரிவாளை எடுக்கவில்லை. ஒருமுறை சம்மதிக்காத கிடாவுக்கு, குறை யாருக்குச் செய்யப்பட்டதோ அவர்தான் தன் கையால் தண்ணி ஊற்ற வேண்டும். அதுவரை நேர்ந்தவன் அதைக் கயிற்றை விடாமல் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும். பவதாரணி அன்றைக்கே ஊற்றியிருக்கலாம். அவள் எனக்குத் தலைவலிக்கிறது என்று சொல்லி வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. தனுஷ்கோடி வாத்தியார் மணிக்கட்டில் கயிறும் கயிற்றில் கிடாவுமாக வந்தார். மீதிப் பெண்பிள்ளைகளின் தாள்களை அது வாத்தியாரின் காதுக்குள்ளேயே சொல்லி வந்தது. ஒவ்வொன்றையும் திருத்த வேண்டியிருந்தது, திருத்தத் திருத்த ஊரில் ஒவ்வொரு வீடாக மார்க் இறங்கி அவருக்கு வணக்கம் சொல்லுகிற ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். தோகாவில் மகனுக்கு விசா புதுப்பிக்காமல் இழுத்தடிக்கிறார்கள் என்று போன் வந்துகொண்டே இருந்தது. வாசலில் ஒச்சம்மாவின் கூடைக்கு முன்னால் நின்று, இத்தனை நாளில் முதல் தடவையாகக் குனிந்து பேசினார்.

"ஒச்சம்மா, நான் செஞ்சது தப்புத்தான். மகன் பொழப்பு அந்தரத்துல நிக்கிது. உம்மகள ஒரு செம்புத் தண்ணி ஊத்தச் சொல்லு. பச்சத் தண்ணி ஊத்தினாத் துளுக்கிரும்."

"எனக்கு ஒண்ணுமில்ல சார்" என்றாள் ஒச்சம்மா. "தாள் எழுதுனவ அவதான. அவகிட்டக் கேளுங்க."

பவதாரணி அப்போதுதான் புதுச் சீருடையில், ரிப்பன் கட்டிய இரட்டைச் சடையோடு வந்தாள். எட்டாம் வகுப்பு ஏ, இங்கிலீஷ் மீடியம். வாத்தியார் சொன்னது முழுவதையும் தலையாட்டிக் கேட்டாள். பிறகு அவரை, கேட்ட பதிலுக்கு மார்க் போடுகிறவர்கள் பார்க்கிற மாதிரி, மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள்.

"பத்தாது சார். அடுத்த பருவம் பாக்கலாம்."

மணி அடித்தது. அவள் உள்ளே போய்விட்டாள். வாத்தியாருக்கும் முதல் பாடவேளை இருந்தது, கயிற்றை இழுத்தார். கிடா வாசலிலேயே முன்னங்காலை மடக்கிச் சாவகாசமாகப் படுத்துக்கொண்டது. நேர்ந்துவிட்ட உருப்படியை அடிக்க முடியாது, விரட்ட முடியாது. கேட்டைப் பூட்டுகிறவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார், பிறகு வாத்தியாரை வெளியே வைத்துப் பூட்டிவிட்டார்.